மீந்த சிக்கன் கொத்துக்கறி: வெளியிலா, ஃப்ரிட்ஜிலா, ஃப்ரீசரிலா, எண்ணெயிலா?

ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ சிக்கன் கொத்துக்கறி வாங்கி மொத்தமாக வதக்கியாயிற்று. மதியச் சாப்பாட்டில் பாதிதான் செலவானது. மிச்சத்தை இரவு வரை அடுப்படியிலேயே மூடி வைக்கலாமா, ஃப்ரிட்ஜில் எத்தனை நாள் தாங்கும், வதக்காமல் பச்சையாகவே ஃப்ரீசரில் போட்டிருக்க வேண்டுமோ? தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்து வாசகர்கள் வேறு வேறு விதமாகக் கேட்பது கடைசியில் இந்த ஒரே கேள்விதான்.

"தேவையான அளவு மட்டும் வாங்குங்கள்" என்று சொல்வது சுலபம். ஆனால் கால் கிலோவை மெஷினில் போட்டு அரைத்துக் கொடுக்க எந்தக் கறிக்கடைக்காரருக்கும் மனம் வராது. மெஷினில் ஒட்டிக்கொள்வதே ஒரு கைப்பிடி இருக்கும். அதனால் நாலு பேர் உள்ள வீட்டிலும் அரைக் கிலோவுக்கு மேல்தான் வாங்குகிறோம். மீறத்தான் செய்யும்.

இன்னொரு சிக்கல் நம் பழக்கத்தில் இருக்கிறது. மீந்த குழம்பை இரவு ஒரு கொதி, காலையில் ஒரு கொதி என்று சுண்ட வைத்து, மறுநாள் இட்லிக்குத் தொட்டுக்கொள்வோம். மீன்குழம்புக்கு அது ஓரளவு செல்லுபடியாவது புளியால். புளிப்பு ஏறிய இடத்தில் பல கிருமிகள் தடுமாறும். கொத்துக்கறியில் அந்தப் புளிப்பு கிடையாது. ஒன்றிரண்டு தக்காளி, வெங்காயம், மசாலா, மற்றதெல்லாம் ஈரமும் புரதமும்தான். போதாததற்குப் பரிமாறுகிறவர்கள் எல்லோரும் அதே கரண்டியைப் போட்டுக் கிளறியிருப்பார்கள். குழம்புச் சட்டியின் சட்டத்தை இதற்குப் பொருத்தக் கூடாது.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி, அடுத்து எப்போது சாப்பிடப் போகிறீர்கள் என்பது. இன்று இரவா, நாளையா, அடுத்த வாரமா? முக்கால்வாசி முடிவு இதிலேயே வந்துவிடும். இதைக் கேட்க வேண்டிய நேரம் கறி அடுப்பில் இருக்கும்போது. சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகு கேட்டால் பாதி வழிகள் அடைபட்டிருக்கும்.

ஏனென்றால் இரண்டாவது அளவுகோல் வெக்கை. ஏறக்குறைய 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த கறி அந்த வெப்பத்தில் மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, சுற்றுப்புறம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு. டெல்டாவில் பங்குனியிலிருந்து ஆவணி வரை மத்தியானம் 32 டிகிரிக்குக் கீழே இருப்பதே அபூர்வம். அடுப்பு எரிந்த சமையலறையைக் கேட்கவே வேண்டாம். ஆக நமக்கு ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரச் சலுகை மார்கழி, தை மாதங்களுக்கு மட்டும்.

மூன்றாவது, கரண்ட்டும் ஃப்ரிட்ஜின் தரமும். நான்காவது, சாப்பிடப் போவது யார். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர் வீட்டில் இருந்தால், கீழே சொல்லும் எந்தக் கெடுவிலும் முன்பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ருசியும் வேலையும் அப்புறம். கடைசியாக ஒன்று, யாரும் வெளியே சொல்லாதது: வீட்டு ஃப்ரிட்ஜில் கறி வைக்க அனுமதி உண்டா? இட்லி மாவும் தயிரும் சாமிக்கு வாங்கிய பூவும் இருக்கும் பெட்டியில் கறியை வைக்கக் கூடாது என்று மாமியார் நினைத்தால், அதுவும் ஓர் அளவுகோல்தான்.

| வழி | எவ்வளவு நாள் | யாருக்குச் சரி | எங்கே உதைக்கும் |
|---|---|---|---|
| வெளியில் வைத்து அன்றே தீர்ப்பது | 1 மணி நேரம், குளிர்காலத்தில் 2 | விருந்தாள் வந்த நாள், ஃப்ரிட்ஜ் இல்லாத வீடு | டிபன் பாக்ஸ், ஹாட் பாக்ஸ் |
| வேகவைத்து ஃப்ரிட்ஜில் | 3 முதல் 4 நாள். கரண்ட் நிலையில்லாத ஊரில் 2 | மறுநாள் இட்லி, தோசை, சப்பாத்திக்கு | ஆழமான பாத்திரம், திரும்பத் திரும்பச் சூடாக்குவது |
| வேகவைத்து ஃப்ரீசரில் | 2 மாதம் வரை நல்ல ருசி | வேலைக்குப் போகிறவர்கள் | ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், மழைக்காலம் |
| பச்சையாக ஃப்ரீசரில் | 3 முதல் 4 மாதம் | கோலா உருண்டைப் பிரியர்கள் | உறைவு நீக்கும் நேரம் |
| எண்ணெயில் தொக்கு | ஃப்ரிட்ஜில் மட்டும், சில நாள் | விடுதிக்குக் கொடுத்தனுப்ப நினைப்பவர்கள் | வெளியில் வைத்தால் ஆபத்து |

## வெளியில் வைத்து அன்றே தீர்ப்பது

கரிநாளில் உறவுக்காரர்கள் பத்துப் பேர் வந்திருக்கிறார்கள், சட்டி காலியாகிவிடும் என்று தெரிந்தால் வேறு யோசனையே வேண்டாம். ருசியில் இதை எதுவும் மிஞ்சாது.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கும் இதுதான் வழி. ஆனால் அங்கே மெஷின் கொத்துக்கறியை விட்டுவிட்டு, எலும்பில்லாத தொடைக்கறி கால் கிலோ வாங்கி வீட்டிலேயே கத்தியால் கொத்திக்கொள்ளலாம். பத்து நிமிட வேலை. கொஞ்சம் திப்பிதிப்பியாக இருக்கும். சொல்லப் போனால் அதுதான் நல்ல கொத்துக்கறி.

மறைந்திருக்கும் ஆபத்து டிபன் பாக்ஸில். காலை ஏழு மணிக்குக் கட்டிக் கொடுத்த கொத்துக்கறிச் சப்பாத்தியைப் பிள்ளை பன்னிரண்டரைக்குத் திறக்கிறது. நடுவில் ஐந்தரை மணி நேரம். அறுப்புக்கு வயலுக்குப் போகும் தூக்குவாளிக்கும் இதே கணக்கு. "ஹாட் பாக்ஸில்தானே வைத்திருக்கிறேன்" என்பார்கள். பல ஹாட் பாக்ஸ்கள் இரண்டு மணி நேரத்தில் வெதுவெதுப்புக்கு இறங்கிவிடும். அந்த வெதுவெதுப்பு கிருமிக்கு மிகவும் பிடித்த வெப்பம், அதைப் பெட்டி மணிக்கணக்கில் காப்பாற்றி வேறு கொடுக்கும். வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிய நல்ல பிளாஸ்க்கில், கொதிக்கக் கொதிக்கப் போட்டு, திறக்கும்போதும் ஆவி பறந்தால் சரி. இல்லையென்றால் பள்ளிக்கூட டப்பாவில் எலுமிச்சை சாதம் போகட்டும்.

## வேகவைத்து ஃப்ரிட்ஜில்

பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் பொருந்தும், இதில்தான் தப்பும் அதிகம் நடக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாக.

ஃப்ரிட்ஜ் நிலையாக 4 டிகிரியில் இருந்தால் சமைத்த கொத்துக்கறி மூன்று நாளிலிருந்து நான்கு நாள் வரை தாங்கும். நம் வீட்டு ஃப்ரிட்ஜ் அப்படி இருக்கிறதா? கதவை மணிக்குப் பத்து தடவை திறக்கிறோம், தண்ணீர் பாட்டில்களை அடைக்கிறோம், நடுநடுவே கரண்ட் போகிறது. ஃப்ரிட்ஜுக்குள் வைக்கும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் பார்க்காதவரை, இரண்டு நாள் என்றே கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஞாயிறு சமைத்தது செவ்வாய் காலை தோசையோடு தீர வேண்டும்.

தப்பு எங்கே தொடங்குகிறது என்றால், ஆற வைப்பதில். "சூடாக உள்ளே வைத்தால் ஃப்ரிட்ஜ் கெட்டுவிடும்" என்று சட்டியோடு மூடி, சாயங்காலம் வரை மேடையிலேயே விட்டுவிடுகிறோம். வேகும்போது எல்லாக் கிருமியும் செத்துவிடுவதில்லை. குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற ஒன்று வித்து வடிவில் கொதியைத் தாங்கி நிற்கும். மெதுவாக ஆறும் பெரிய பாத்திரத்துக் கறியில் விழித்துக்கொண்டு பெருகும். கல்யாண வீட்டுப் பெரிய அண்டாவுக்குச் சொல்லும் எச்சரிக்கை, மூடி போட்ட ஒரு கிலோ சட்டிக்கும் பொருந்தும்.

செய்ய வேண்டியது இதுதான். அடுப்பை அணைத்ததும், பரிமாறும் முன்பே, மீறப் போகிற பங்கைத் தனியே எடுத்துவிடுங்கள். அகலமான தாம்பாளத்தில் மெல்லியதாகப் பரப்பி, அடியில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய தட்டு வைத்து, வலைமூடி போட்டு மின்விசிறிக்குக் கீழே வைத்தால் கால் மணி, இருபது நிமிடத்தில் சூடு தணிந்துவிடும். அப்புறம் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு உள்ளே வைக்கலாம். லேசான வெதுவெதுப்பு இருந்தாலும் ஃப்ரிட்ஜுக்கு ஒன்றும் ஆகாது. பரிமாறும் முன்பே எடுப்பதில் இன்னொரு லாபம், எச்சில் கரண்டி படாத கறி அது.

டப்பா ஒன்று ஒரு வேளைக்கு என்று இருக்க வேண்டும். ஒரே பெரிய டப்பாவை எடுத்துச் சூடாக்கி, கொஞ்சம் சாப்பிட்டு, மீண்டும் வைத்து, இரவு மறுபடி சூடாக்குவதுதான் உண்மையான செலவு. ஒவ்வொரு தடவையும் கறி அந்த 5 முதல் 60 டிகிரிக்குள் ஏறி இறங்குகிறது. "நன்றாகக் கொதிக்க வைத்தால் போச்சு" என்பதும் முழுக்க உண்மையில்லை. கை பட்ட உணவில் வளரும் ஸ்டாஃபைலோகாக்கஸ் விடும் நச்சு, கிருமி செத்த பிறகும் கொதியில் அழியாமல் நிற்கும். வாசனையும் மாறியிருக்காது. கெட்ட வாடை வரவில்லை என்பது நல்ல கறி என்பதற்குச் சாட்சி இல்லை.

சூடாக்கும்போது இலக்கு 74 டிகிரி. வீட்டு மொழியில் சொன்னால், வாணலியில் ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி, நடுவில் இருப்பதும் ஆவி பறக்கக் கிளற வேண்டும். மைக்ரோவேவில் ஓரம் கொதிக்கும், நடு குளிர்ந்து கிடக்கும். பாதியில் எடுத்துக் கிளறி மறுபடி வையுங்கள்.

ருசியில் கொஞ்சம் இழப்பு உண்டு. மறுநாள் சிக்கனில் ஒரு பழைய வாடை வருமே, அது கெட்டுப்போனதால் அல்ல. கோழிக் கொழுப்பு காற்றுப் பட்டு மாறுவதால் வருவது. கொத்துக்கறி பொடிப்பொடியாக இருப்பதால் காற்று படும் பரப்பு அதிகம், வாடையும் சீக்கிரம் வரும். டப்பாவில் காற்றுக்கு இடம் விடாமல் அமுக்கி வைப்பதும், கிராம்பு, பட்டை போட்டு வதக்கியிருப்பதும் இதைக் கொஞ்சம் தள்ளிப்போடும். இரண்டாம் நாள் கறியை அப்படியே சோற்றுக்குப் போடாமல், முட்டை உடைத்து ஊற்றிப் பொடிமாஸ் ஆக்கினாலோ, கறி தோசையாக்கினாலோ யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

வைக்கும் இடம் மேல் தட்டு. பச்சைக் கறி இருந்தால் அது கீழ்த் தட்டு. மாவுப் பாத்திரத்துக்குக் கீழே மட்டும் வைக்காதீர்கள். ராத்திரி மாவு பொங்கி வழிந்தால் இரண்டும் போச்சு.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இந்த இரண்டு நாளும் வேண்டாம். லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலேயே மெல்ல வளரக் கூடியது. மறுநாளுக்குள், ஆவி பறக்கச் சூடாக்கி, அவ்வளவுதான்.

## வேகவைத்து ஃப்ரீசரில்

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஒரு கிலோ கொத்துக்கறி நீர் வற்ற வதங்கினால் முக்கால் கிலோ அளவுக்குச் சுருங்கும். அன்றைக்கு வேண்டியதைப் பரிமாறிவிட்டு, மிச்சத்தை அன்றே உறைய வைத்துவிட்டால் வாரநாள் இரவில் இருபது நிமிடச் சமையல் கையில் இருக்கும். மூன்று நாள் ஃப்ரிட்ஜில் கிடந்ததை "இனி தாங்காது" என்று நான்காம் நாள் ஃப்ரீசருக்கு மாற்றுவது இந்தக் கணக்கில் வராது. ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும், அவ்வளவுதான். உள்ளே போகும்போது எப்படி இருந்ததோ அப்படியேதான் வெளியே வரும்.

உறைய வைப்பதற்கான வதக்கல் வேறு மாதிரி இருக்க வேண்டும். வெங்காயம், இஞ்சி பூண்டு, மஞ்சள், மிளகாய்த்தூள், பட்டை கிராம்பு வரை போட்டு வற்ற விடுங்கள். தேங்காய் அரைத்து விடாதீர்கள், உருளைக்கிழங்கு சேர்க்காதீர்கள். தேங்காய் திரிந்தது போல் ஆகும், கிழங்கு உறைந்து இளகினால் தண்ணீர் விட்டுச் சவசவக்கும். மல்லித்தழையும் எலுமிச்சையும் பரிமாறும் நாளில். பட்டாணி இருந்தால் பரவாயில்லை. இப்படி எடுத்து வைத்த அடிப்படைக் கறியிலிருந்து கட்லெட், சமோசா, பரோட்டாவுக்குச் சால்னா, தேங்காய் சேர்த்த குழம்பு என்று எந்தப் பக்கமும் போகலாம்.

ஒரு வேளை அளவு, ஜிப் கவரில், காற்றை வெளியேற்றி, தட்டையாகத் தட்டிப் போடவும். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும், அடுக்கவும் இடம் கிடைக்கும். தேதி எழுத மார்க்கர் தேடும் வீடுகளில், அன்றைய தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, வெளியே இன்னொரு கவர் போட்டு இரண்டுக்கும் நடுவில் செருகினால் போதும். நல்ல நேரமும் தெரியும்.

ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருந்தால் பாதுகாப்புக்குக் கெடு கிடையாது, ருசிக்குத்தான் கெடு. இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சொல்கிறார்கள். கொத்துக்கறிக்கு நான் இரண்டோடு நிறுத்துவேன்.

இங்கேதான் மறைமுகச் செலவு. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல் அறை பல மாடல்களில் ஐஸ் கட்டி உறைய வைக்கும், மைனஸ் 18-ஐத் தொடாது. ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் மின்சிக்கனத்துக்கானவை, குளிருக்கானவை அல்ல. சோதிப்பது சுலபம். கப் ஐஸ்கிரீம் ஒன்றை ஒரு நாள் உள்ளே வையுங்கள். கல் மாதிரி நின்றால் நம்பலாம். குழைந்து இருந்தால் அந்த அறையில் கறியை ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

அடுத்தது பருவம். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை ஃப்ரீசரில் கறிச் சேமிப்பு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது மின்கம்பங்கள் சாய்ந்து, டெல்டாவின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அப்படி ஆகாது, சரி. ஆனால் மழைக்காலத்தில் ஒரு கவர், இரண்டு கவருக்கு மேல் வைக்காமல் இருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. புரட்டாசிக்கு முன் வாங்கிக் குவித்து ஐப்பசியில் தீர்க்கலாம் என்ற திட்டம் இதனாலேயே எனக்குப் பிடிக்காது. புரட்டாசி பிடிக்கும் வீட்டில் அந்தக் கவர் ஒரு மாதம் சாமி மாடத்தை முறைத்துக்கொண்டிருக்கும் என்பது தனிச் சங்கடம்.

எடுப்பது இரண்டு விதம். முந்தின இரவே கீழ்த் தட்டுக்கு இறக்கி வைக்கலாம், அல்லது கவரிலிருந்து உரித்து நேரே வாணலியில் போட்டு, தண்ணீர் தெளித்து மூடி, சிறுதீயில் இளக்கிப் பிறகு கொதிக்கச் சூடாக்கலாம். வெந்த கறி என்பதால் இரண்டாவது வழியிலும் பிசகில்லை. மேடையில் வைத்து இளக்குவது மட்டும் கூடாது.

## பச்சையாக ஃப்ரீசரில்

ருசி முக்கியம் என்பவர்கள் இதைச் சொல்வார்கள். அன்றன்று வதக்கிய கறி, பழைய வாடை இல்லை, கோலா உருண்டை பிடிக்கலாம். ஃப்ரீசரில் மூன்று, நான்கு மாதம் தாங்கும். ஆனால் ஃப்ரிட்ஜில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான்; வெந்ததைவிடக் குறைவு.

காரணம் அரைப்பதில் இருக்கிறது. சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்றவை துண்டுக்கறியில் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். மெஷினில் போட்டதும் அவை உள்ளே முழுக்கக் கலந்துவிடும், மெஷினில் அதற்கு முன் அரைத்ததின் மிச்சமும் சேரும். உருண்டையும் கட்லெட்டும் நடுவரை வேக வேண்டும் என்பது இதனால்தான். சல்லடையில் போட்டு அலசுவதால் ஒன்றும் போகாது. தெறிக்கும் தண்ணீர்தான் தொட்டி முழுக்கப் பரவும்.

பச்சைக் கொத்துக்கறி உறைவு நீங்க ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வேண்டும். மறந்துவிட்டு மாலை ஆறு மணிக்கு எடுத்துத் தொட்டியில் வைக்கும் வீட்டுக்கு இந்த வழி ஒத்துவராது. பச்சையாகத்தான் வைக்க வேண்டும் என்றால் எலும்பில்லாத துண்டுகளாக உறைய வையுங்கள். அவை ஒன்பது மாதம் வரை தாங்கும். முக்கால்வாசி இளகியதும் மிக்சியில் இரண்டு சுற்று விட்டால் கொத்துக்கறி தயார்.

## எண்ணெயில் தொக்கு

விடுதியில் படிக்கும் பிள்ளைக்குக் கொடுத்தனுப்ப, "எண்ணெய் மேலே நிற்கிற மாதிரி சுருள வதக்கினால் ஒரு மாதம் வெளியிலேயே இருக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. உப்புக்கண்டத்தை நினைத்துச் சொல்கிறார்கள். உப்புக்கண்டம் பச்சைக் கறியை உப்பும் மஞ்சளும் பூசி, வெயிலில் சுக்காகக் காய வைப்பது. அதைக் காப்பது வறட்சி. தொக்கில் கறிக்குள் ஈரம் இருந்துகொண்டே இருக்கிறது, மேலே எண்ணெய் காற்றை மட்டும் தடுக்கிறது. புளிப்பில்லாத, ஈரமான, காற்றுப் புகாத இடம் பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமிக்குத் தோதானது. அது அடிக்கடி வருவதில்லை. வந்தால் உயிரோடு விளையாடும்.

எலுமிச்சையோ வினிகரோ நிறைய ஊற்றிச் செய்யும் சிக்கன் ஊறுகாய் கொஞ்சம் மேல். ஆனால் வீட்டில் புளிப்பை அளந்து பார்க்க வழியில்லாததால் அதையும் ஃப்ரிட்ஜிலேயே வைத்துச் சில நாளில் தீர்க்க வேண்டும். விடுதிக்குப் பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் போதும். ஃப்ரிட்ஜ் வசதி உள்ள பிள்ளை என்றால், உறைந்த கவரை ஐஸோடு தெர்மாகோல் டப்பாவில் வைத்து, தஞ்சாவூரிலிருந்து திருச்சி தூரத்துக்குக் கொடுத்தனுப்பலாம். சென்னை வரை வேண்டாம்.

## கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்புக்கு கரண்ட் நிறுத்தும் தேதி முன்கூட்டியே தெரியும். அதற்கு முந்தின நாள் கொத்துக்கறி சமைத்து வைக்காமல் இருப்பதே பாதி வேலை. கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் சமைத்த கறியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். தனிக் கதவுள்ள ஃப்ரீசர் நிறைந்திருந்தால் 48 மணி நேரம், பாதி நிறைந்திருந்தால் 24 மணி நேரம். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து நிரப்பினால் இந்தக் கணக்கு நமக்குச் சாதகமாகும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல் அறைக்கு இந்த 48-ஐயும் 24-ஐயும் எதிர்பார்க்காதீர்கள்.

ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால் நடுவில் எவ்வளவு நேரம் கரண்ட் இல்லை என்று எப்படித் தெரியும்? ஒரு டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் ஒன்றும் ஆகவில்லை. அடியில் உறைந்து கிடந்தால் எல்லாம் ஒரு தடவை இளகி மறுபடி உறைந்திருக்கிறது. கவர்களைத் திறந்து முகர்ந்துகூடப் பார்க்க வேண்டாம், குப்பைக்குத்தான். வீட்டில் இருக்கும்போதே கரண்ட் வந்து, கவருக்குள் பனித்துகள் இன்னும் நறநறவென்று இருந்தால் கறி தப்பித்தது. மறுபடி உறைய வைக்கலாம், ருசி கொஞ்சம் இறங்கும். அதற்கு அன்று சாயங்காலமே கிழங்கு பிசைந்து கட்லெட் போட்டுவிடலாம்.